கல்மண்டபத்தில் குடியிருந்த பேச்சி

1938, மாசி மாதம், செவ்வாய் இரவு. கம்பம்.

பழைய கல்மண்டபத்தைச் செப்பனிட எங்கள் பஞ்சாயத்து போர்டு மானியம் கேட்டிருந்தது. இன்று மதுரையிலிருந்து அதிகாரி பார்க்க வந்தார். "உள்ளே யாரும் குடியிருக்கிறார்களா?" என்றார்.

இல்லையென்று சொல்லச் சொல்லித் தலைவர் எனக்குக் கண்ணைக் காட்டினார். போக்கிடமில்லாத பேச்சி அங்கேதான் பொங்கித் தின்கிறாள். இல்லையென்று சொன்னால் நாளைக்கே அவளை வெளியே தள்ளிவிடுவார்கள். "இருக்கிறாள்" என்றேன்.

"காலியானதும் எழுதுங்கள்" என்று சொல்லி அதிகாரி காரில் ஏறிவிட்டார்.

"ஊருக்கு வர இருந்த பணத்தக் கெடுத்துப்புட்டீரே" என்றார் தலைவர். பிறகு மற்ற மெம்பர்கள் யாருமே என்னோடு பேசவில்லை.

சாயங்காலம் பேச்சியைப் பார்க்கப் போனேன். மண்டபம் சுத்தமாகப் பெருக்கிக் கிடந்தது. எதிர்க்கடைக்காரர் சொன்னார்: "நடந்ததக் கேள்விப்பட்டு, என்னால மெம்பர் அவுகளுக்கு எதுக்குப் பொல்லாப்புன்னு சொல்லிட்டு, கூடலூர்ப் பக்கம் நடந்து போயிட்டா."

இனி மண்டபம் காலி. மானியத்துக்கு எழுதலாம். தலைவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.