கிருசா சத்தமாக வாசித்தாள்

ஈச்சிலம்பற்று
03.05.2024

கிருசாவின் அப்பாவுக்கு,

போனில் கதைத்தால் நீங்களும் நானும் சண்டையில்தான் முடிப்போம். பிரிந்து இருந்தாலும் பிள்ளையின் விஷயத்தைக் கதைக்காமல் விட ஏலாது. அதனால் எழுதி அவளுடைய பையில் வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பதினொரு வயதாகியும் கிருசா இரண்டு வரி வாசிப்பதற்குள் எழும்பி ஓடுகிறாள். இவளுக்குப் படிப்பு வராது என்று டீச்சர் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். திருகோணமலையில் உங்கள் அறைக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையம் திறந்திருக்கிறார்களாம். தலையில் வயர் ஒட்டி, கவனம் எப்போது சிதறுகிறது என்று பிள்ளைக்கே கம்ப்யூட்டரில் காட்டிப் பழக்குவார்களாம். சனிக்கிழமைகளில் அவளை மூதூர் வரை கொண்டுவருகிறேன். அங்கிருந்து நீங்கள் கூட்டிக்கொண்டு போய், ஞாயிறு திருப்பிக் கொண்டுவந்து விடுங்கள்.

கரண்ட் கிரண்ட் அடிக்காதா என்று முதலில் கேளுங்கள்.

மதிவதனா


திருகோணமலை
25.08.2024

மதிக்கு,

வழக்கம்போல நேற்றும் பயிற்சி நிலையத்து றஹ்மா மிஸ்ஸிடம் போனோம். கிருசா கதிரையில் இருந்ததும் மிஸ் தலையில் பசை தடவி வயரை ஒட்டினார். மூளையின் அலைகளை அது அளக்கும், அவ்வளவுதான். உள்ளே கரண்ட் எதுவும் போகாது என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். திரையில் ஒரு படகு. மனம் ஒன்றில் நின்றால் படகு ஓடும், அலைந்தால் நின்றுவிடும். தொடக்கத்தில் அசையாமல் கிடந்த படகை இப்போது கரைவரை கொண்டுபோகிறாள்.

"இது மந்திரமில்லை. எல்லாப் பிள்ளையளுக்கும் ஒரே மாதிரி உதவும் எண்டும் சொல்ல மாட்டன். வாசிப்பும் சேர்ந்து பழகவேணும்" என்கிறார் மிஸ். ஒவ்வொரு முறையும் பயிற்சி முடிந்ததும் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்.

நேற்று கிருசா என்னையும் பிடித்து அந்தக் கதிரையில் இருத்திவிட்டாள். துறைமுகத்தில் கப்பலை இழுக்கிற படகு ஓட்டுகிறவன் நான். எனக்கு அந்தப் படகு அசையவே இல்லை! "அப்பா, நீங்கள் வேற எங்கயோ நிக்கிறீங்கள்" என்று சிரித்தாள். பிறகு உம்மை நினைத்தேன், நீர் கோபித்துக்கொண்டு மீன் வெட்டுகிற மாதிரி. படகு பறந்தது. என்ன நினைத்தீர்கள் என்று மிஸ் கேட்டார். சொல்லவில்லை. உமக்குச் சொல்கிறேன்.

ரஞ்சன்


ஈச்சிலம்பற்று
30.08.2024

கிருசாவின் அப்பாவுக்கு,

நல்ல வேலை பார்த்தீர்கள்!

ஞாயிறு மூதூரிலிருந்து வரும்போது பஸ்ஸில் கண்ணயர்ந்துவிட்டேன். "மதிக்கு" என்று ஒரு சத்தம். விழித்துப் பார்த்தால் கிருசாவின் கையில் உங்கள் கடிதம். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசிக்கிறாள். எனக்கென்றால் அடுத்து என்ன வருமோ என்று பயம். பறிக்கக் கையை நீட்டினேன். ஆனால் அவள் யன்னலைப் பார்க்கவில்லை, எழும்பவில்லை. ஒரு பக்கத்தை முடித்துத் தாளைத் திருப்புகிறாள். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"கோ... பித்... துக்..." என்று தடக்கி நின்றாள். தோப்பூருக்குத் துணி விற்கப் போகிற லைலா அக்கா முன் சீற்றிலிருந்து திரும்பி, "பிறகு என்ன எழுதியிருக்கு மகள்? விடாம வாசி" என்றார். கடைசிவரை வாசித்தாள், உங்கள் பெயரையும் சேர்த்து. பஸ்ஸில் கை தட்டினார்கள். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டுதான் சிரித்தேன்.

புதன்கிழமை வகுப்பிலும் எழும்பி நின்று வாசித்தாளாம்.

மதிவதனா


திருகோணமலை
01.09.2024

மதி,

இனி நான் என்னத்தை எழுத? எதை எழுதினாலும் தோப்பூர் வரை கேட்கும். இப்போதும் உம்முடைய மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறாள். சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது, தாளில் வைக்க ஏலாது. ஒரு சனிக்கிழமை நீரும் வந்தால் என்ன?

ரஞ்சன்

அம்மா வாங்கோ. இது நான் எழுதினது. கிருசா


ஈச்சிலம்பற்று
06.09.2024

அன்புள்ள கிருசாவின் அப்பாவுக்கு,

இதை நாளைக்கு மூதூர் பஸ் நிலையத்தில் என் கையாலேயே தருவேன். வாசித்துவிட்டு எனக்கும் சேர்த்து ரிக்கற் எடுங்கள்.

சண்டை வந்தால் வரட்டும், நேருக்கு நேர் போடுவோம். இனிக் கடிதம் வேண்டாம், பிள்ளைக்கு வாசிக்கப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்.

மதி