நான் கேட்ட இன்ஜின் சத்தம்

இன்று காலை உன் போன் அடித்தது, மாமா. மூன்று மாதமாய் அதைச் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்காதே. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியிலிருந்து ஒரு பெண். "சார் அன்னைக்கு வந்து பாத்துட்டுப் போனாரே, ஏன் சேரல? எங்ககிட்ட ஏதாவது குறையா மேடம்?" என்றாள். தறி ஓடுகிற சத்தத்தில் கேட்காதவள் மாதிரி போனை வைத்துவிட்டேன்.

எத்தனை வருஷத்து ஆசை உனக்கு! ஸ்ரீசிட்டி கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு விமானம் எதற்கு என்று நகரியில் சிரிக்காதவர் இல்லை. "வேலைக்கு இல்லடி. ஒரே ஒரு தடவ நானே தனியா மேல போயிட்டு எறங்கணும், அவ்ளோதான்" என்பாய். நம் கைக்கு எட்டுகிற பள்ளியாகத் தேடி இருவரும் அலைந்தோம். முதல் பள்ளியில் ஃபீஸ் குறைவு, ஆனால் நாலு விமானத்தில் மூன்று தார்ப்பாய்க்குள் தூங்கின. "என் முறை வர்றதுக்குள்ள கெழவனாயிடுவேன்" என்று சிரித்தாய். அடுத்ததில் பெட்ரோல் தனி, பரீட்சை தனி, தரையில் இறங்கினால் அதற்கும் தனி.

மூன்றாவதுதான் இது. பறக்கிற நேரத்துக்கு மட்டும் கட்டினால் போதும், ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் சரி என்றார்கள். எல்லாம் பொருந்தி வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதுவரை எதுவும் அமையாது என்ற தைரியத்தில்தான் உன்னோடு சுற்றிக்கொண்டிருந்தேன்.

இன்ஜினை ஓடவிடச் சொன்னாய். பழைய பவர்லூம் வாங்கப் போனால் என்னைப் பெற்ற நைனா ஓடவிட்டு என்னைத்தான் கேட்கச் சொல்வார், என் காது தப்பாது என்று உனக்குத் தெரியும். முன்னாலிருந்த விசிறி சுற்றியது. நீ விமானத்தைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தாய்.

"உள்ள எங்கயோ இடிக்குது மாமா. வேணாம்" என்றேன்.

ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டிருக்கக் கூடாதா நீ? "நீ சொன்னா சரிதான்" என்று விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். திரும்பும் வழியில், "ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற? வேற எடம் பாத்துக்கலாம். வா, ஏதாவது துன்னலாம்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னாய்.

வேறு இடம் பார்க்க நமக்கு நாள் இல்லை. தடாவில் ரோட்டைக் கடந்து கம்பெனி பஸ் பிடிக்கப் போன உன்னை லாரி அடித்துப் போட்டது. மேலிருந்து விழுந்துவிடுவாய் என்றுதானே பயந்தேன், பாவி நான், தரையிலேயே உன்னைப் பறிகொடுத்தேன். உன் துணிமணியெல்லாம் கொடுத்துவிட்டேன். அந்தச் சட்டையை மட்டும் கொடுக்கவில்லை, மடித்த காகிதம் பையிலேயே இருக்கிறது.

மத்தியானம் தறியை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணுக்கு நானே போன் போட்டேன். நீ போய்விட்டதைச் சொன்னேன். "உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். முன்பின் தெரியாதவளிடம் சொல்ல வந்த வாய், உன்னிடம் சொல்ல வரவில்லை.

இப்போதெல்லாம் தறிச் சத்தம் சரியா என்று யார் கேட்டாலும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த இன்ஜின் மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை, மாமா. அன்றைக்கு ஓடிய மாதிரியே ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கேயும் இடிக்காமல்.