நீல வண்டியில் கத்தரிப்பூ நிறம்

அல்சூர், பெங்களூரு

சௌ. சுப்ரியாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நான் சௌக்கியம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன். கால்கரியில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நீ பிடிவாதம் பிடித்தபடி வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, நேற்றுக் கட்டுப் பிரித்தார்கள். இனி எல்லாம் பளிச்சென்று தெரியும் அங்கிள் என்றாள் அந்த டாக்டர் பெண். தெரிகிறது, தெரியாமலே இருந்திருக்கலாம்.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் நம் ஃபியட்டைத்தான் பார்த்தேன். ஐம்பது வருஷமாக அந்த இளநீலத்துக்கு மேல் புது பெயின்ட் அடிக்க ஒருவனையும் விட்டதில்லை, உனக்கே தெரியும். உரிந்த இடங்களில் மட்டும் நானே வெள்ளையும் நீலமும் கலந்து, பானெட் ஓரத்தில் வைத்துப் பார்த்து, மெல்லிய பிரஷ்ஷால் டச்சப் செய்வேன். கடைசி ஆறேழு வருஷத்தில் செய்ததெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறது, சுப்ரி. கதவிலே, மட்கார்டிலே, டிக்கியிலே, தேமல் மாதிரி. புரை விழுந்த கண்ணுக்கு நீலம் சரியாகத் தெரியாதாம், போதவில்லை போதவில்லை என்று நான்தான் ஊற்றிக்கொண்டே போயிருக்கிறேன். இப்போதும் வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால் எல்லாம் அழகாகச் சேர்ந்திருக்கிறது.

வண்டி வேலை பார்க்கிற ராம்கியைக் கூப்பிட்டு, நீயாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கத்தினேன். மாமிதான் சார் சொல்லக் கூடாதுன்னாங்க, சாருக்கு இருக்கறதே இது ஒண்ணுதான்னாங்க என்று தலையைச் சொறிந்தான். திட்டுகளை மட்டும் எடுக்க முடியாதாம், சுரண்டினால் அடியிலிருக்கும் பழைய பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடுமாம், தகரம் தெரியும்வரை மொத்தமாகத் தேய்த்துப் புதிதாக அடிப்பது ஒன்றுதான் வழியாம். வாங்கிய நிறத்தோடேயே உன் கையில் கொடுப்பேன் என்று சொல்லியிருந்தேன், அது இனி நடக்காது, மன்னித்துவிடு. துணி போட்டு மூடிவிட்டேன்.

வண்டி போகட்டும். ஒவ்வொரு தடவையும் டச்சப் செய்துவிட்டு உன் அம்மாவைத்தான் கூப்பிட்டுக் காட்டுவேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வருவாள், குனிந்து பார்ப்பாள், ஏனூ கொத்தாகல்ல ரீ என்பாள். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்பதை எதற்குக் கன்னடத்தில் சொல்ல வேண்டும்? வீட்டில் நாங்கள் பேசியதெல்லாம் தமிழ்தானே. பால்காரனிடமும் பக்கத்து வீட்டு ஷில்பாவிடமும் பேசுகிற பாஷையை என்னிடம் எப்போது எடுப்பாள் என்று நாற்பத்தைந்து வருஷம் கவனிக்காமலே குடித்தனம் செய்திருக்கிறேன் பார். போன வருஷம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வலிக்கிறதா ராஜி என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. ஒன்றுமில்லை என்பதையும் கன்னடத்தில்தான், ஏனூ இல்ல ரீ என்றாள். நானும் சரி என்று பேப்பரை எடுத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது அவர்கள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

இடது கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டாம், நீ வற்புறுத்தாதே. பார்த்தவரைக்கும் போதும்.

பெருமாள் உங்கள் இருவரையும் நன்றாக வைக்கட்டும், எனக்கென்று அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் கம்மியிருந்தது, அழுதாயா என்று கேட்டேன், ஏனூ இல்லப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். இந்தக் கடிதம் கிடைத்ததும் தமிழில் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
சீனிவாசராகவன்