குடையும் வெறுங்கையும்

வாசல் நடையில் செருப்பில்லாமல் கால் வைக்காதே. பல்பு உடைந்துவிட்டது. பெருக்கிவிட்டேன், ஆனாலும் கண்ணாடிப் பொடி இருக்கும். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது.

உடைத்தது உன் தம்பி, காரணம் நான். ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் நம் ஆட்டத்தில், நடுவராக இருந்த நான் அவனுடைய வாள்வீரன் உன் மல்யுத்தக்காரியைக் கொன்றதாகத் தீர்ப்புச் சொல்லி, "வெறுங்கை முழம் போடுமா?" என்று உன்னைக் கேலியும் செய்தேன் அல்லவா? அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. எனக்கும் மனசு கேட்கவில்லை. காலையில் அவனிடம் குடையை வாளாகக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தேன்.

மொட்டை மாடியில் அவனை நெருங்கவே முடியவில்லை. விலாவில் நல்ல குத்து. குறுகலான நடையிலோ, அவன் ஓங்கியதும் குடை பல்பில் மாட்டியது. நான் பாய்ந்து கட்டிப்பிடித்தேன். அதன்பின் குடை ஒன்றுக்கும் உதவவில்லை. "மாமா, விடுங்க, மூச்சு முட்டுது! அக்கா கட்சிதான் ஜெயிச்சுது, போதுமா?" என்று அலறினான்.

ஆகவே புது விதி: நெருங்கும்போது வாளுக்கு ஒரு வெட்டு உண்டு. அதில் தப்பி ஒட்டிக்கொண்டால் வெறுங்கைக்கே பலம். அன்றைய ஆட்டத்தில் உன் மல்யுத்தக்காரி குறுகிய சுரங்கத்தில் வாள்வீரனின் கழுத்தையே பிடித்திருந்தாள். அவள் சாகவில்லை.

இன்றைய ஆட்டம் அங்கிருந்தே தொடங்கும். பகடை உன் தலையணை மேல் இருக்கிறது.

பி.கு.: வாள்காரன் இடுப்பில் ஒரு குறுங்கத்தியும் இருந்தால்? யோசித்து மண்டை காய்கிறது. நீதான் சொல்ல வேண்டும். வாயால் சொல், சீட்டில் எழுதி வைக்காதே.