ஆணி அடிக்காத வேலி

அண்ணே, இன்று காலை அஜ்மானுக்கு அப்பால் அந்த அரபி முதலாளி அர்பாபின் தோட்டத்தில் பைன் கட்டைகளை இறக்கினோம். பிசின் வாடை மூக்கில் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாடை மேல் குற்றமில்லை. உங்கள் வேலியைத்தான் மறுபடி கட்ட வந்திருக்கிறோம். இந்த முறை நீங்கள் சொன்னபடியே வளைத்து வளைத்து.

அர்பாப் போனில் காட்டிய படம் நினைவிருக்கிறதா? ஏதோ வெளிநாட்டுப் பண்ணை. ஆணி இல்லை, மண்ணில் நட்ட கால் இல்லை. கட்டை முனைகளை மாற்றி மாற்றி அடுக்கி, வளைந்து வளைந்து ஓடும் வேலி. நாங்களெல்லாம் சிரித்தோம். நீங்கள் மட்டும் ஷார்ஜா ஒர்க்‌ஷாப்பில் துண்டு ரீப்பர் சட்டங்களை அதேபோல் அடுக்கித் தட்டிக் காட்டினீர்கள். அசையவில்லை.

"இந்த வளைவுதான்டா இதுக்குக் காலு. நேராக்குனா படுத்துரும்."

சூப்பர்வைசர் நம் ஊர்ப்பக்கத்து ஆள்தான், இருந்து என்ன! "வளைச்சா கட்டையும் ஜாஸ்தி, இடமும் ஜாஸ்தி. நேரா அடுக்குங்க. கலாஸ், அவ்வளவுதான்" என்றார். இரண்டு முறை மறுத்துச் சொன்னீர்கள். பிறகு அவர் சொன்னபடியே அடுக்கிக் கொடுத்துவிட்டு லீவில் ஊருக்குப் போனீர்கள். அங்கே நெஞ்சுவலி. போனவர் போனவர்தான்.

அடுத்த மாதமே ஒரு மணற்காற்றில் வேலி மொத்தமும் மல்லாந்தது. ஆடுகள் ரோட்டுக்கு ஓடின. அர்பாப் கத்தினார். சூப்பர்வைசர் கொஞ்சமும் கூசாமல், செத்துப்போன கார்பென்டருக்கு வேலை தெரியாது, அவன் செய்த தப்பு என்றார். கூடவே என் பக்கம் திரும்பி, "என்னப்பா, அப்படித்தானே?" என்றார். என் விசா புதுப்பிக்க வேண்டிய நேரம் அது.

"ஆமா சார்" என்றேன்.

தூ! அவர் மூஞ்சியில் துப்பவில்லை அண்ணே, என் மூஞ்சியில்தான். இன்று முதல் நாலு வளைவு எழும்பியதுமே அதே ஆள் வேலியின் முன் இடுப்பில் கை வைத்து நின்று, "நம்ம ஐடியா எப்படி?" என்று போட்டோ எடுக்கச் சொல்கிறார். எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். சீ, என்ன பிழைப்பு இது.

மத்தியானம் மதினி போன் செய்தார்கள். கேம்ப்பிலிருந்து லீவில் போன யாரோ ஊரில் வாயை விட்டிருக்கிறான்.

"தம்பி, அவுகளுக்கு வேலை தெரியாதுன்னு அங்கன பேச்சாமே? வேலையில ஒரு சொல்லு வாங்காத மனுசன் தம்பி."

"பச்சைப் பொய் மதினி. அண்ணன் சொன்ன மாதிரி கட்டித்தான் இன்னைக்கு வேலி நிக்குது."

மதினி அழுதார்கள். அழுது முடித்துவிட்டுக் கேட்டார்கள்: "கூட வேலை பாத்தவுகளே ஆமான்னு சொன்னாகளாம். அது யாரு தம்பி?"

"சிக்னல் சரியில்ல மதினி" என்று வைத்துவிட்டேன்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, அண்ணே. அந்தப் பெயரை நான்தான் இன்னும் வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன்.