ஒரு சங்கிலி குறைந்த கணக்கு

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனையோடு உன் நிலத்தின் வரைபடம் கையில் வந்தது. படத்தில் ஓர் அங்குலம் தரையில் எத்தனை சங்கிலி என்று எழுதியிருந்த மூலையைத் தவிர மீதியெல்லாம் பத்திரமாக இருக்கிறது. அத்தனை பெரிய தாளில் கரையானுக்குத் தின்ன வேறு இடமே கிடைக்கவில்லை.

கிணறு உன்னுடையதா, உன் மச்சினனுடையதா என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்கு. ஐந்து வருஷமாக உன் சம்சாரம், எங்கள் மதினி, பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. படத்தின் அந்த மூலை அப்போதே போயிருந்தது; புது நகலுக்கு மனுப் போட்டாலும் வாய்தாவுக்குள் வராது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். "நாமளே அளந்து பாத்துருவோம்லே. படம் என்ன சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்படுவேன்" என்றாய். மெசபடோமியாவரை போய்வந்த பட்டாளத்துக்காரன், நிலம் அளக்க ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளையான என்னைக் கூட்டிப் போனாய்.

படத்தில் எல்லைக்கல்லுக்கும் அய்யனார் கோவில் பாதை மதகுக்கும் இரண்டு அங்குலம். தரையில் அதே தூரத்தை அளந்துவிட்டால் அளவு தெரிந்துவிடும். ஒரு சங்கிலி நீளத்துக்கு, அதாவது அறுபத்தாறு அடிக்கு, வெட்டிய கயிறோடு நீ முன்னே போனாய். கயிற்றுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையைப் பையில் போடுவது என் வேலை.

முதல் கயிற்றுக்கு "லாபம்" என்று கத்தினாய். நெல் அளக்கும்போது ஒன்றை லாபம் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். பொட்டல் காட்டில் அது எனக்கு ஓடவில்லை. சாமியைக் கும்பிட்டுக் கயிற்றைச் சரிபார்க்கிறாய் என்று நினைத்துச் சும்மா நின்றேன். அதற்குப் பிறகு நீ சொன்ன எண்ணெல்லாம் மேல்காற்றில் போயிற்று. நீ கையைத் தூக்கும்போதெல்லாம் ஒரு கொட்டை போட்டேன்.

கடைசியில் ஒன்பது கொட்டை. ஆக, அங்குலத்துக்கு நாலரைச் சங்கிலி. படத்தில் அந்தக் கல்லிலிருந்து உன் நிலம் முடியும் இடம்வரை மூன்று அங்குலம், அதாவது பதின்மூன்றரைச் சங்கிலி. கிணறோ அதே கல்லிலிருந்து பதினாலு சங்கிலி தள்ளி என்று நீயே முன்பு அளந்து வைத்திருந்தாய். அரைச் சங்கிலியில் கிணறு மச்சினன் பக்கம் போய்விட்டது. நான் எச்சில்கூட விழுங்காமல் சொல்லி முடித்தேன். நீ கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாய். "சரி, விடு" என்றாய். மறுநாளே வழக்கை வாபஸ் வாங்கினாய்.

பத்து நாள் கழித்து ஒரு களத்துப் பக்கம் போனேன். "லாபம்" என்று முதல் மரக்கால் நெல் விழுந்தது. அன்று அந்த முதல் கயிற்றுக்கு நான் கொட்டையே போடவில்லை. பத்துச் சங்கிலி! அங்குலத்துக்கு ஐந்து, எல்லை பதினைந்து. கிணறு உன்னுடையது. உன்னைத் தேடி ஓடினேன். நீ மச்சினன் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்திருந்தாய். மதினி தன் கூடப்பிறந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி பரிமாறிக்கொண்டிருந்தாள். உன் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

"பத்து வரைக்கும் தொண்டை கிழியக் கத்தினவன் நான். எனக்கா தெரியாது?" என்றாய் மெதுவாக. "உன் கணக்கு தப்புன்னு அப்பவே தெரியும். உக்காந்து சாப்புடுலே."

உன் காரியத்தன்று மச்சினன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க போட்ட கணக்குதான் எங்க குடும்பத்த ஒண்ணாக்குச்சு, அம்புட்டுச் சுத்தம்" என்றான். என் கணக்கை யாரும் பாராட்டியது ஆயுசில் அந்த ஒருமுறைதான். தலையாட்டினேன். பக்கத்தில் நீ இருந்து என் காலை மிதித்திருக்க வேண்டும் என்று ஏங்கிப் போனேன்.