நாலாவது கோல்

அன்புள்ள அப்பாவுக்கு,

போன மாதம் ஆறு கோல் வாங்கித் தோற்றோமே, அந்த ஆட்டத்தில் நாலாவது கோலோடு நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

மறுநாள் பயிற்சியில் எல்லோரும் கோல்கீப்பரான என்னைத் திட்ட, கேப்டன் என் கையுறையைக் கழற்றி அவர்களிடம் நீட்டினாள். "ஆளுக்கு அஞ்சு பந்து பிடிங்கடி, அப்புறம் இவளைத் திட்டலாம்." ஒருத்தியும் இரண்டுக்கு மேல் பிடிக்கவில்லை. சேற்றில் புரண்டு சிரித்தோம். அன்றிலிருந்து பந்து எங்கள் பக்கம் வந்தாலே எல்லோரும் ஓடிவந்து எனக்குத் துணை நின்றார்கள்.

இன்று அரையிறுதியில், எங்களைத் தோற்கடித்த அதே கல்லூரியை ஜெயித்துவிட்டோம் அப்பா! கடைசி நிமிடப் பெனால்டியைப் பாய்ந்து பிடித்தேன். கை வீங்கியிருக்கிறது, எழுத்து கோணல்தான்.

ஞாயிறு இறுதி ஆட்டம். வாருங்கள் அப்பா, முழு ஆட்டத்துக்கும்.

உங்கள் கோல்கீப்பர் மகள்